நதியா தட்டிய வறட்டி

மஸ்கட்
20.6.2004

தேவாரத்துச் சீமையைக் கட்டி ஆளும் அக்காவுக்கு, அரபு நாட்டையே தோளில் சுமக்கும் தம்பி பால்பாண்டி கும்பிட்டு எழுதுவது. நான் யானை பலத்தோடு இருக்கிறேன். உன் முழங்கால் வலியும் மச்சானின் இருமலும் எப்படி இருக்கின்றன?

பீர்க்கு விதை பதித்த வறட்டியைச் சுவரிலிருந்து பெயர்த்து எரித்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டு ஜக்கம்மாவோடு சண்டை போட்டாயாமே. அவளை விட்டுவிடு. திருடன் நான்தான். போன வருடம் நதியாவின் காரியம் முடிந்து புறப்பட்ட அன்று, உன் மகளின் ஐந்து விரலும் அதில் பதிந்திருப்பதைப் பார்த்தேன். பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

போன வாரம் கேம்ப்பில் சோதனை போட்ட மலையாளத்து சூப்பர்வைசர் அதைத் தூக்கிப் பிடித்து, "இது எந்தா பாண்டி?" என்றான்.

"எங்க அரண்மனை முத்திரை சாரே. இதக் காட்டுனா சுருளி அருவியே நின்னு வழிவிடும்."

நம்பிவிட்டான். ஆனால் வறட்டிப் பக்கமிருந்து, "அளந்து விடாதீக மாமா!" என்று நதியாவின் குரல் கேட்டது, அக்கா. அன்றிலிருந்து நான் என்ன அளந்தாலும் கேட்கிறது.

வெள்ளிக்கிழமை ஊருக்கு வரும் என் கேம்ப் கூட்டாளி சாலமனிடம் வறட்டியைக் கொடுத்தனுப்புகிறேன். அவன் திரும்பும்போது கொஞ்சம் பருப்புப்பொடி கொடுத்துவிடு. ஆடி பிறந்ததும் விதையை ஊன்றிவிடு. இன்னும் ஒரு வருடம் வைத்திருந்தால் முளைக்காது. நானே விதையை எடுத்து அனுப்பத்தான் நினைத்தேன். கம்பி வளைக்கிற இந்தக் கையால் அதை உடைக்க முடியவில்லை. நீயும் உடைக்காதே. சட்டித் தண்ணீரில் போடு, தானாகக் கரையும். கரைகிற வரை பக்கத்திலேயே இரு.

வேன்காரன் ஹாரன் அடிக்கிறான்.

உன் தம்பி,
பால்பாண்டி