நீ வேலை செய்த பெயர்

இன்று காலை வேலைத்தளத்தில் எனக்குத் தந்த பச்சை மேலங்கியின் முதுகில் சவிரிமுத்து என்று கறுப்பு மையில் எழுதியிருந்தது. சின்ன பட்டா லொறியின் பின்பக்கத்திலிருந்து ஆளுக்கொன்றாக வீசினார்கள். எனக்கு வந்தது அது. தோய்த்திருக்கிறார்கள், மை வெளிறிவிட்டது. ஆனாலும் எழுத்து உன்னுடையது. பரீட்சைத் தாளில் எழுதுவதுபோல ஒவ்வோர் எழுத்தையும் நிமிர்த்தி எழுதியிருந்தாய். சவர்க்காரத்துக்கு அடியில் இன்னும் வியர்வை மணத்தது. போட்டுக்கொண்டேன். வேறு மேலங்கி இருக்கவில்லை.

சவிரிமுத்து உன் மாமா. பேசாலையிலிருந்து கடலுக்குப் போகிறவர். குழாய் பதிக்கிற இந்தக் கொந்தராத்துக்காரரிடம் அவர் ஒருநாள்கூட மண்வெட்டி பிடித்ததில்லை. பிடித்தவன் நீ. உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் உன் செத்தவீட்டுக்கு வந்தவர்களிலேயே பலருக்கு அது விளங்கவில்லை. அதனால் எழுதிவைக்கிறேன்.

அரசாங்க நியமனம் வேலையில்லாத பட்டதாரிகளுக்குத்தான். யாருடைய பெயரிலாவது ஒரு முதலாளி ஊழியர் சேமலாப நிதி கட்டியிருந்தால் அவருக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிப் பட்டியலில் இருந்து வெட்டிவிடுவார்கள். அப்படித்தான் நாங்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருந்தோம். ஆகவே கூலி வேலைக்குப் போகிற பட்டதாரி தன் பெயரில் போவதில்லை. மாமாவின் பெயர், அண்ணனின் பெயர், பள்ளிக்கூடம் போகாத பக்கத்து வீட்டுக்காரரின் பெயர். வேலையில்லாதவர்கள் என்ற தகுதியைக் காப்பாற்றுவதற்காக வேலையை ஒளித்துச் செய்தோம். இப்படியொரு நாட்டில்தான் நீயும் நானும் படித்து முடித்தோம்.

அரசாங்கக் கச்சேரியில் மறுபடியும் நியமன விண்ணப்பம் கொடுத்துவிட்டு வெளியே வந்த அன்று, மதிலோரம் கழுதைகள் நின்றன.

"இதுகளும் நியமனத்துக்குத்தான் நிக்குது மச்சான்," என்றாய்.

"எந்த பட்ச்?"

"எங்களுக்கு முந்தின பட்ச். பொறுமையைப் பார்."

சிரித்துக்கொண்டே பஸ் நிலையம்வரை நடந்தோம். அங்கே தேத்தண்ணிக் கடையில் வைத்து, திங்கட்கிழமையிலிருந்து கிடங்கு வெட்டப் போவதாகச் சொன்னாய். தலைமன்னார் வீதியோரம் தண்ணீர்க் குழாய் பதிக்கிற வேலை.

"விசரே உனக்கு? சிறப்புப் பட்டம் எடுத்துப்போட்டு?"

"பட்டம் அலுமாரிக்குள்ள கிடக்கும். அதுக்குச் சாப்பாடு தேவையில்லை. அம்மாவுக்குத் தேவை."

"ஆக்கள் கண்டால்?"

"காணட்டும். கண்டிட்டு அரிசி வாங்கித் தருவினமோ?"

பிறகு என்னையும் வரச் சொன்னாய். யோசிக்கிறேன் என்றேன். அப்போது எனக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கக் கொஞ்சம் ரியூஷன் பிள்ளைகள் இருந்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்தபோது மாமாவின் அடையாள அட்டைப் பிரதியைக் கொடுத்தாய். நரைத்த தலையோடு மாமா இருக்கும் படத்தை மேற்பார்வையாளர் பார்த்தார். உன்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விடுவது அவர்களுக்கும் வசதி.

உன் ஆய்வு எங்கள் தீவின் மணல்மேடுகளைப் பற்றியது. காற்று எந்த மாதத்தில் மணலை எங்கே கொண்டுபோகும், அது எவ்வளவு சரிவில் நிற்கும், எப்போது விழும் என்று எங்களுக்கு அலுக்கும்வரை சொல்வாய். கம்பஸ் விடுதியில் நீ வாய் திறந்தாலே தலையணை பறந்து வரும். அந்த மணலுக்குள்தான் உன்னை இறக்கினார்கள்.

முதல் கிழமை முடிந்து வந்து ஒரு கதை சொன்னாய்.

"'அண்ணை, இந்த மணல் நிமிர்ந்து நிக்காது, ரெண்டு கரைக்கும் பலகை அடியுங்கோ' எண்டு மேற்பார்வையாளரிட்ட சொன்னன் மச்சான்."

"அதுக்கு?"

"'புரபெசர் சொல்லிட்டார், எல்லாரும் குறிச்சுக்கொள்ளுங்கோ' எண்டான். எல்லாரும் சிரிச்சாங்கள். நானும் சிரிச்சன்."

"நீ ஏன்டா சிரிச்சனி? படிச்சதைச் சொல்லியிருக்கலாமே?"

"எப்பிடிச் சொல்லுறது? நான் சவிரிமுத்தெல்லே."

நீயே சொல்லிவிட்டு நீயே பெரிதாகச் சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மழை பெய்து விட்ட ஒரு காலையில் கிடங்கின் கரை உன்மேல் சரிந்தது.

உன்னைச் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது வாசலில் ஒருவர் நின்றார். வெள்ளாங்குளத்துக்காரர், உன்னோடு கிடங்கு வெட்டியவர். மதிலில் ஒட்டியிருந்த உன் மரண அறிவித்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் உன் முழுப் பெயரும் பட்டமும் இருந்தன. படம் பட்டமளிப்பு விழாவில் எடுத்தது.

"தம்பி, முகம் எங்கட பெடியன்ர முகம்தான். பேர் வேறயாக் கிடக்கு," என்றார்.

இதுதான் உண்மையான பெயர் என்றேன். அவர் அந்தப் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நாங்கள் சவிரிமுத்து, சவிரிமுத்து எண்டு கத்திக் கத்தித்தான் மண்ணை அள்ளினனாங்கள். சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் தோண்டலாம் எண்டு. ஒண்டும் கேக்கேல்லை."

இதை நான் உன் அம்மாவிடம் சொல்லவில்லை. உனக்குக் காது கேட்டிருக்குமோ என்பதுதான் என்னை விடாமல் பிடித்திருக்கிறது. மண்ணுக்குள் கிடந்து, மேலே யாரோ உன் மாமாவைக் கூப்பிடுவதைக் கேட்டாயோ. அது உன்னைத்தான் என்று விளங்க எவ்வளவு நேரம் எடுத்ததோ.

நட்டஈடு கேட்க மாமாவும் நானும் கொந்தராத்துக்காரரின் இடத்துக்குப் போனோம். உன் பெயரைச் சொன்னோம். அப்படியொருவர் தங்களிடம் வேலை செய்யவேயில்லை என்றார் மேற்பார்வையாளர். சவிரிமுத்து என்ற பெயரில் செய்தவர் என்றேன்.

"சவிரிமுத்து ஆர்?"

"நான்தான்," என்றார் மாமா. அவருக்குப் பொய் வராது.

"நீர் உசிரோடதானே நிக்கிறீர். பிறகென்னத்துக்கு நட்டஈடு?"

பக்கத்தில் இருந்த ஒருவன் சிரித்தான். மாமாவும் நானும் பஸ்ஸில் பேசாலைக்குத் திரும்பினோம். இறங்கும்போது, "தம்பி, இப்ப நான் இருக்கிறவனோ செத்தவனோ?" என்று கேட்டார். பகிடியாகக் கேட்கவில்லை.

பிறகு நான் கச்சேரிக்கும் போனேன். சேமலாப நிதி கட்டியவர்களை வெட்டுகிற விதி இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். அங்கிருந்த உத்தியோகத்தர் கதிரையில் சாய்ந்தபடி சொன்னார்: "அது பழைய சுற்றுநிருபம். இப்ப இருக்கோ எண்டு எனக்கும் தெரியாது தம்பி. முதல்ல நியமனம் எண்டு ஒண்டு வரட்டுமே."

இருக்கிறதா என்றே தெரியாத ஒரு விதிக்காக நீ இன்னொருவனாக மாறி மண்ணுக்குள் போனாய். நாட்டைக் கடனில் மூழ்கடித்து வங்குரோத்தாக்கியவர்கள் தங்கள் சொந்தப் பெயரிலேயே மேடையேறி மாலை வாங்குகிறார்கள். பெயரை ஒளிக்க வேண்டியவர்கள் நாங்கள். இதற்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

ரியூஷன் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். காசில்லாத தாய்தகப்பனைக் குறை சொல்ல முடியாது. என் அப்பாவின் படகும் பெரும்பாலும் கரையில்தான் கிடக்கிறது. நேற்று அவர் சித்தப்பாவின் அடையாள அட்டைப் பிரதியை மேசையில் வைத்தார். "ஏதோ ஒரு நாள் நியமனம் வந்தால் தேவைப்படும். உன்ர பேரைக் குடுக்காத," என்றார். அதை மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இன்று விடிய இலுப்பைக்கடவைக்குப் போனேன். அதே கொந்தராத்துக்காரர், அதே மேற்பார்வையாளர். இந்தப் பக்கம் வேறு யாரும் ஆள் எடுக்கவில்லை.

"பேர்?" என்றார். என்னை அவருக்கு நினைவில்லை.

கை பைக்குள்தான் இருந்தது. வெறும் கையை வெளியே எடுத்து என் பெயரைச் சொன்னேன்.

"நீர் டிகிரி எண்டு பெடியள் சொன்னாங்கள். பிறகு நியமனம் பறிபோட்டுது எண்டு என்னட்ட வரக்கூடாது."

"வரமாட்டன் அண்ணை. எழுதுங்கோ. கரைக்கு அடிக்கிற பலகை எங்க?"

"பார், அடுத்த புரபெசர்," என்றார். இந்த முறையும் சிரித்தார்கள்.

பலகை வரவில்லை. நான் இறங்கினேன். இங்கேயும் மணல்தான்.

மதியம் சாப்பிடும்போது ஒருவர் என் முதுகைப் பார்த்துவிட்டு, "சவிரிமுத்து, அந்தத் தண்ணிப் போத்தலை இஞ்சால தாரும்," என்றார். போத்தலைக் கொடுத்துவிட்டு, அது என் பெயர் இல்லை என்றேன். என் பெயரைச் சொன்னேன். பிறகு எழுந்து, அங்கே இருந்த ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன். விசரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஆனாலும் சொன்னார்கள்.

நாளையும் இறங்குவேன். மணல் மூடினால், மேலே நின்று கத்துகிறவர்களுக்கு என் பெயர் தெரியும். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.