பின்னுக்கு நகர்ந்த பஸ் துண்டு

அண்ணை,

போன கிழமை மகள் முன்னால் என் மானம் போனது. பள்ளிக்கூட வேலைக்கென்று நூலகத்திலிருந்து கொண்டுவந்த இங்கிலீஸ் புத்தகத்தில் ஒரு வரியைக் காட்டி, "அப்பா, இவரை 'பார்'ல சேர்த்தவையாம். என்ன அர்த்தம்?" என்றாள்.

"குடிக்கிற இடத்துக்குள்ள விட்டிருப்பினம்."

விழுந்து விழுந்து சிரித்தாள். "லோயரா வந்திட்டார் எண்டு அர்த்தம், அப்பா!"

நாலு வருடத்துக்கு முன்பு, இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நாங்கள் சேர்ந்திருந்த வெக்ஸ்போர்ட் பேஸ்மன்ட் அறையில், உங்களிடமும் இதே பதிலைச் சொல்லி வாங்கிக் கட்டியவன் நான். நீல அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அன்று நீங்கள் வாசித்த அதே புத்தகம்.

யாழ்ப்பாணத்து நீதிமன்றத்தில் வாதாடிய நீங்களும் கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், கிளாக்காக இருந்த நானும் அப்போது ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினோம். அகதி விசாரணைக்கு என் இங்கிலீசைத் தேற்றவென்று அந்தப் புத்தகத்தை வாசித்துக் காட்டினீர்கள். நூறு வருடத்துக்கு முந்திய அமெரிக்கன் ஒருவனின் கதை. லோயர்; பிறகு பட்டாளம்; அவன் பக்கம் தோற்றது; கடைசியில் அரசியல்.

"அடிமை வைச்சிருந்தவையின்ர பக்கம் நிண்டவன். தோத்தது நல்லதுதான். தோத்தாப் பிறகு என்ன செய்தவன் எண்டு பாப்பம்" என்பீர்கள்.

வாசல் கதவில் தபால் மூடி 'டக்' என்றால் இரண்டு பேரும் பாதி வரியில் வாசிப்பை நிறுத்திவிடுவோம். திருப்பி அனுப்புகிறோம் என்ற கடிதமாக இருந்தால்? ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது.

எண்பத்து மூன்றில், தனிநாடு கேட்கமாட்டோம் என்று அரசாங்கம் லோயர்மாரிடமும் கிளாக்மாரிடமும் சத்தியக் கையெழுத்துக் கேட்டதே. நீங்கள் மறுத்து, கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டு வந்தவர். நான் முதல்நாளே வைத்தேன். பின்னால் நின்றவருக்குப் பேனாவும் இரவல் கொடுத்தேன். "நீயும் வைக்கேல்லைத்தானே?" என்று நீங்கள் கேட்டபோது, "ஓம், வைக்கேல்லை அண்ணை" என்றுவிட்டேன்.

அந்தப் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. தோற்றவன் குனிந்து, வென்றவர்களின் சத்தியத் தாளில் கையெழுத்து வைக்கிறான். அந்தப் பக்கம் வந்தால் என் முகமே காட்டிக் கொடுத்துவிடும். நீங்கள் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, பக்க அடையாளத்துக்கு வைத்த, பஸ் மாறி ஏறத் தரும் ட்ரான்ஸ்ஃபர் துண்டைப் பத்துப் பக்கம் பின்னுக்கு நகர்த்துவேன்.

"உவன் எத்தினை தரமடா சண்டைக்குப் போறான்?" என்று நீங்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பீர்கள்.

ஒருநாள் தப்ப முடியவில்லை. அந்தப் பக்கத்தை முழுக்க வாசித்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

"வைச்சிட்டான். வீட்டில பிள்ளையள் இருந்திருக்கும், என்ன?"

"தேத்தண்ணி போடட்டே, அண்ணை?" என்று எழும்பிவிட்டேன்.

அந்தப் பனிக்காலமே, விசாரணைக்கு முன்பே, உங்கள் நெஞ்சு நின்றுபோனது. எனக்கு இருக்க அனுமதி கிடைத்தது. மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். அந்த பஸ் துண்டு இன்னும் என் பேர்சில் இருக்கிறது, மை மங்கி.

அன்று தேத்தண்ணிக்கு வைத்த கேத்தில் கொதிக்கும்வரை உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். சொல்ல வந்து சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்:

மகளுக்கு அப்ப ஆறு வயசு, அண்ணை. நானும் வைச்சனான்.