வரைபடத்தில் தரிசு

மே 6, செவ்வாய்
காலையிலேயே அனல். கணினியில் மின்திட்ட மாடல் ஓடி முடிந்தது. நிலக்கரியைக் குறைக்க சோலாருக்கு நிலம் வேண்டும். மாடல் காட்டும் முதல் இடம் மாப்பிள்ளையூரணிக்குக் கிழக்கே. வரைபடத்தில் 'தரிசு'. தரிசா? உப்பளம் அது. பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்த ஜெயக்கொடி அங்கேதான் உப்பு வாருகிறாள்.
நாளைக்கு: குடை, தண்ணீர், லேப்டாப் சார்ஜர்.

மே 7, புதன்
உப்பளம். ஏழு மணிக்கே கண் கூசியது. ஜெயக்கொடிக்குப் பாதமெல்லாம் வெடிப்பு. வரைபடத்தைக் காட்டினேன்.
"ஏளா, இதுல நாங்க எங்கன இருக்கோம்?"
"இல்ல. தரிசுன்னு போட்டுருக்கு. நான் மாத்திருதேன். இந்த எடத்த விட்டுருவோம்."
சிரித்தாள். "உப்பக் காப்பாத்தி எனக்கு என்ன? கண்ணு மங்கிக்கிட்டே போகுது. பேனல் வரட்டும். தொடைக்க, காவல் பாக்க ஆளு வேணும்லா? மொதல்ல எங்களத்தான் எடுக்கணும்னு எழுது."
மூன்று வருடமாக இதே வேலை பார்க்கிறேன். எனக்குத் தோன்றவே இல்லை.

மே 8, வியாழன்
திட்ட அறிக்கையில் எழுதினேன். 'நிலம் எடுக்கும் முன், அங்கே உழைக்கும் ஒவ்வொருவருக்கும் வேலை உறுதி.' ஒரே வரி. நாலு தடவை திருத்தம். இரவு வயிறாரச் சாப்பிட்டேன்.

மே 9, வெள்ளி
திட்டக் குழுக் கூட்டம். ஏசி குளிர். நிலத்துக்கு ஒப்புதல். என் வரியில் குழுத் தலைவரின் பேனா நின்றது.
"நல்ல யோசனைதாம்மா. ஆனா இது மின்சாரத் திட்டம். வேலை விஷயத்தத் தனியா பாத்துக்கலாம். இந்த வரி இருந்தா இந்த வருஷம் ஃபைல் நகராது."
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திட்டமாவது பிழைக்கட்டும் என்று நினைத்தேன். அவர்கள் முகங்களுக்குப் பயந்தும்தான்.
"சரி சார்."
வரியை அடித்துவிட்டார். பிறகு டீ, சமோசா. நானும் தின்றேன்.

மே 10, சனி
ஜெ. இரண்டு தடவை அழைத்தாள். எடுக்கவில்லை.

மே 11, ஞாயிறு
அவள் வீட்டுக்குப் போனேன். துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நிலம் போகிறது, வேலை உறுதி இல்லை என்று சொன்னேன். கை நின்றது.
"நீ என்ன சொன்ன?"
"சரின்னேன்."
சட்டையைப் பிழிந்தாள். வெகுநேரம் பிழிந்தாள்.
"ஒனக்கு வேற வழி இல்லாமப் போயிருக்கும். அப்படித்தான?"
ஆமா என்றேன்.