'சூன்' என்றால் எப்போது

கல்முனை பஸ் நிலையத்துக்கு எதிரே புதிதாகக் கட்டும் ஹோட்டலின் முகப்பில் பெரிய பதாகை தொங்குகிறது. 'கமிங் சூன்.' பார்த்ததும் எனக்கு உன் நினைவுதான் வந்தது, மச்சான்.

டியூஷனில் அது உன் சொல். பாடம் எழுதினாயா என்று சேர் கேட்டால், "சூன், சேர்" என்பாய். "உன்ட சூன் எந்த வருசம் வரும்டா?" என்று அவர் கேட்க, வகுப்பே சிரிக்கும்.

மீன்பிடிக்கப் போன உன் படகின் எஞ்சின் நடுக்கடலில் நின்றபோது, நீ போனில் எனக்குத்தான் கோல் எடுத்தாய். "காத்து வெளிய இழுக்குது மச்சான். ஆக்களுக்குச் சொல்லு."

சொன்னேன். உன் உம்மாவையும் கூட்டிக்கொண்டு மீன்பிடி அலுவலகத்துக்கு ஓடினேன். எங்கள் தமிழ் அந்த அதிகாரிக்குப் புரியவில்லை, அவருடைய சிங்களம் எங்களுக்குப் புரியவில்லை. கடைசியில் ஆங்கிலத்தில் சொன்னார்: தேடும் படகு சூன் வரும்.

"என்னவாம் மகன்?"

"கெதியா அனுப்புவாங்களாம், மாமி."

"கெதியா எண்டா எப்ப? இப்பயா?"

அதிகாரி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

நம் கரை ஆட்கள்தான் ஆளுக்காள் டீசல் ஊற்றிப் போனார்கள். நீ இல்லாமல் திரும்பினார்கள். அரசாங்கப் படகு வந்தபோது நாங்கள் தேடுவதையே விட்டிருந்தோம். உடல் இல்லாமலே பள்ளிவாசலில் உனக்குக் காயிப் ஜனாஸா தொழுதோம். அந்த வரிசையில் நின்றபோது, கண்ணை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சொல்லைப் பிறகு தேடிப் படித்தேன். பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'உடனே' என்றுதான் பொருளாம். உடனே என்று சொன்னவர்கள் தாமதித்துத் தாமதித்து, அது 'கொஞ்ச நேரத்தில்' என்று தளர்ந்துவிட்டதாம். எங்களிடம் வரும்போது இன்னும் தளர்ந்திருந்தது. அதிகாரம் இல்லாதவனிடம் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் நேரமே கிடையாது.

போன கிழமை உன் மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சாச்சா, வாப்பா எப்ப வருவாரு?"

வீட்டில் எல்லாரும் அவளிடம் 'கெதியா' என்றே சொல்லி வைத்திருக்கிறார்கள். என்னால் அந்தச் சொல்லை வாயில் எடுக்க முடியவில்லை.

"வரமாட்டாரு மகள். கடல்ல மவுத்தாப் போயிட்டாரு."

அவள் உள்ளே ஓடினாள். அன்றிலிருந்து உன் உம்மா என்னோடு கதைப்பதில்லை. அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் உன்னைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமென்றால், உன் மகள் இப்போது என்னிடம்தான் வருகிறாள். தெரிந்ததை அப்போதே சொல்லிவிடுகிறேன்.