ஆற்றுக்கு முதுகு காட்டிய கடை

மார்ச் 4

துறையில் இன்று ஒன்பது படகுகள். போன வருஷம் இதே நாளில் நாற்பதுக்குக் குறையாது. ரயில் வந்ததும் முதலில் உப்பு போயிற்று, பிறகு தானியம். போன மாதம் மரவாடிக்காரரும் ஸ்டேஷன் தெருவுக்குப் போய்விட்டார். மணல், செங்கல், ஓடு என்று அவசரமில்லாத சரக்குதான் இனி ஆற்றுக்கு.

கொழுந்தனார் வந்து பழைய பாட்டையே பாடினார். "அண்ணி, ஊரே அந்தப் பக்கம் திரும்பிடுச்சு. உங்க சமையக்கட்டுக்குப் பின்னாடிதான் ஸ்டேஷன் தெரு. சுவத்தை இடிச்சு, ஆத்தைப் பாத்திருக்கற கயித்துக்கடை வாசலை அங்க வைங்க."

பார்க்கலாம் என்றேன். பார்க்கப் போவதில்லை.

மார்ச் 9

படகுக்காரர்கள் கயிறு வாங்க வந்தால் அரை நாள் உட்காருவார்கள். சரக்கு ஏறும்வரை அவர்களுக்கும் வேலையில்லை. முறுக்கிப் பார்ப்பார்கள், இழுத்துப் பார்ப்பார்கள், நடுவே பெண்டாட்டி புராணம். நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் படகுக்காரத் தம்பி இன்று ஒரு முழக் கயிறுகூட வாங்காமல் மத்தியானம்வரை பேசிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷம். இவர்கள் இல்லையென்றால் எனக்குப் பேச்சே மறந்திருக்கும்.

மார்ச் 15

மழை. யாரும் வரவில்லை.

மார்ச் 22

மகளிடமிருந்து கடிதம்! அவளைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் படகில் மூன்று நாள். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவாள். வந்தால் ஒரு மாதம் இருப்பாள். இப்போது அங்கேயும் ரயில் விட்டாயிற்றாம். "நாலே மணி நேரம்மா. இனிமே நினைச்சா வந்து நிப்பேன்" என்று எழுதியிருக்கிறாள். நான்கு தடவை படித்தேன்.

மார்ச் 23

கொத்தனாரை அனுப்பச் சொன்னேன். கொழுந்தனாரால் நம்ப முடியவில்லை. "என்ன அண்ணி, திடீர்னு?" வியாபாரத்துக்குத்தான் என்றேன். பொய். அவள் ரயிலைவிட்டு இறங்கியதும் எதிரே அம்மா வீட்டு வாசல் தெரிய வேண்டும். வேறென்ன?

ஏப்ரல் 11

சுவர் போயிற்று. அடுப்பு ஆற்றுப் பக்கம் வந்துவிட்டது, கடை தெருப் பக்கம் போய்விட்டது. நெட்டைத் தம்பி பழைய வாசலில் வந்து நின்றார். "என்னக்கா, எங்களுக்குக் கதவைச் சாத்திட்டீங்க?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். சுத்திக்கிட்டு இந்தப் பக்கம் வாங்களேன் தம்பி என்றேன். "அவ்வளவு தூரம் வந்தா படகை யாருக்கா பாத்துக்குவா?" என்று போய்விட்டார்.

மே 2

வியாபாரத்துக்குக் குறைவில்லை. மூட்டை கட்டும் சணலை வாங்கிக்கொண்டு ஓடுகிறார்கள். யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை. "சீக்கிரம்கா, வண்டி வந்துடும்." காலையிலிருந்து எழுபது பேர் வந்திருப்பார்கள். ஒருவர் முகமும் ஞாபகமில்லை.

மே 19

ஒன்பது மணி வண்டியில் மகள் வந்தாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். சாப்பிட்டோம், சிரித்தோம், அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம், அதற்குள் மணி நாலரை. பையை எடுத்துவிட்டாள். ஒரு ராத்திரி தங்கேன்டி என்றேன்.

"எதுக்கும்மா? வண்டிதான் இருக்கே. அடுத்த வாரமே வரேன்."

அவளுக்காக வெயிலில் போட்டிருந்த மெத்தையைத் தட்டி உள்ளே எடுத்து வைத்தேன். யார்மேல் கோபப்படுவது? அவள் பொய் சொல்லவில்லை. வரத்தான் நினைக்கிறாள். — ஆனாலும் ஒரு ராத்திரி இருந்திருக்கலாம்டி. ஒரே ஒரு ராத்திரி.

ஜூன் 1

வரவில்லை.

செப்டம்பர் 20

இன்று சரக்கு வண்டி அரை மணி தாமதம். அதனால் ஸ்டேஷன் சுமைக்காரர் ஒருவர் கடையில் நின்று பேசினார்.

"உங்களுக்குப் பசங்க யாரும் இல்லையாக்கா?"

"ஒரு பொண்ணு இருக்கா."

"தூரத்துலயா?"

"இல்ல, பக்கத்துலதான். ரயில்ல நாலு மணி நேரம்."

"அப்ப அடிக்கடி வருவாங்க."

ஆமாம் என்றேன். சணல் எத்தனை கண்டு வேண்டும் என்று கேட்டேன்.