லாக் புக்கில் உன் நாலேகால் மணி நேரம்

நேற்று சவப்பெட்டிக்குள் உனக்குக் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டி, கறுப்பு டை கட்டியிருந்தார்கள். குனிந்து பார்த்தேன். கஞ்சி வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

சர்ச்சில் பேசிய எல்லோரும் உன்னைக் கணக்கு வாத்தியார் என்றே சொன்னார்கள். நீ விமானம் ஓட்டியவன் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. போதகர் என்னைப் பார்த்து, பழைய சிநேகிதர் நீங்கள் இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்றார். எழுந்து நின்று, உன் நல்ல மனசு, உன் கிண்டல் என்று ஏதோ உளறிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சொல்ல வேண்டியது வேறு. இந்த வயதிலும் எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் நாம் இரண்டு பேரும் மீனம்பாக்கம் ஃப்ளையிங் கிளப்பில் பறக்கக் கற்று, லைசென்ஸையும் வாங்கிவிட்டு, வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தோம். நீ கிழக்குத் தாம்பரம், நான் இரும்புலியூர். பெரிய விமானக் கம்பெனிகள் நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நமக்கிருந்த ஒரே கதி, வயல்களுக்கு மேலே தாழப் பறந்து பூச்சி மருந்து தெளிக்கும் தனியார் கம்பெனிகள்தான். அவர்களும் எப்போதாவது ஒருமுறை, ஒரே ஓர் ஆளை எடுப்பார்கள். அப்படி ஒரு கம்பெனி நம் இருவரையும் ஒரே நாளில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது.

எனக்கு அதை விட்டால் வழியில்லை. அடுத்த மாதம் என் லைசென்ஸ் காலாவதி. புதுப்பிக்க வேண்டுமென்றால் பறந்திருக்க வேண்டும். பறக்க எனக்கு வக்கில்லை. அப்பா தன் ஆபீசில் எனக்கு ஒரு குமாஸ்தா நாற்காலியைப் பேசி முடித்துவிட்டு, இன்டர்வியூ முடியட்டும் என்று காத்திருந்தார். அந்த நாற்காலியை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும்.

கம்பெனி கேட்டது இருநூற்றைம்பது மணி நேர அனுபவம். என் லாக் புக்கில் நாலு மணி நேரம் குறைந்தது. ஒவ்வொரு பறத்தலையும் பைலட்டே தன் கையால் எழுதிக்கொள்ளும் புத்தகம் அது. எழுதினேன். இல்லாத ஒரு பறத்தலை, நாலேகால் மணி நேரம், தனியாகத் திருச்சி போய்த் திரும்பியதாக எழுதினேன். புத்திசாலி என்று நினைப்பு. அன்றைக்கு உண்மையிலேயே பறந்த விமானத்தின் எண்ணைப் போட்டால்தானே நம்புவார்கள்? எனக்குத் தெரிந்து அப்படிப் பறந்தது நீ ஒருத்தன்தான். டீக்கடையில் உட்கார்ந்து அந்தப் பயணத்தை எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! தேதி, நேரம், விமானம் எல்லாம் உன்னுடையது. நம் இரண்டு புத்தகங்களும் ஒரே மேஜைக்கு வரும் என்று என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

ரயிலில் நீ இதே மாதிரி கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் கறுப்பு டையுமாக என் எதிரில் உட்கார்ந்திருந்தாய். நீ குரோம்பேட்டை வரை சினிமாக் கதை பேசிவிட்டு, மீனம்பாக்கத்தில் இறங்கும்போது சொன்னாய்: "மச்சான், உள்ள போறதுக்கு முன்னாடி காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துக்கோ. நுழைஞ்ச உடனே அதைத்தான் கேப்பாராம்." ஒரே ஒரு வேலை. அதற்குப் போட்டியாளன் நீ. அதை என்னிடம் சொல்கிறாய்.

ஓடுபாதை ஓரத்துத் தகரக் கொட்டகையில் இன்டர்வியூ. உள்ளே போன முதல் பையன் இரண்டாவது நிமிடமே வெளியே வந்தான், காற்றைப் பார்க்காதவன். அடுத்தவன் பத்து நிமிடம் தாங்கினான். பிறகு பியூன் வந்து நம் இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிட்டான். சேர்த்து எதற்கு என்று நீ புருவத்தைத் தூக்கினாய். எனக்குத் தெரிந்துவிட்டது.

சீஃப் பைலட் விமானப் படையில் இருந்து வந்தவர். உட்காரச் சொல்லவில்லை. காற்று எங்கிருந்து என்றார். இருவரும் தென்கிழக்கு என்றோம். பிறகு இரண்டு லாக் புக்கையும் விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு வரிகளில் இரண்டு விரலை ஊன்றினார். ஒரே தேதி, ஒரே விமானம், இருவரும் தனியாக. நீ எட்டிப் பார்த்தாய். உன் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன்.

அவர் இங்கிலீஷில்தான் பேசினார். முதலில் என்னைப் பார்த்து, அன்றைக்கு ஓட்டியது யார் என்றார்.

"நான்தான் சார்" என்றேன்.

சரி, பயணத்தைச் சொல் என்றார். சொன்னேன். திரும்பி வரும்போது மதுராந்தகம் ஏரிக்கு மேலே எஞ்சின் கரகரவென்று இருமியதை, இறங்க ஏரிக்கரையைத் தேடியதை, பனி உறைந்த கார்புரேட்டருக்குச் சூடு கொடுத்ததும் சரியானதை, மீனம்பாக்கம் பக்கத்துத் திருநீர்மலை கண்ணில் பட்ட பிறகுதான் மூச்சு வந்ததை, ஒன்று விடாமல் சொன்னேன். அத்தனையும் உன் வார்த்தை. "மலையைப் பாத்ததும் பெருமாளே நீயே கதின்னு ஆயிடுச்சு, நான் வேதக்காரன்றதே மறந்துபோச்சு" என்று நீ டீக்கடையில் சிரித்த ஒன்றை மட்டும்தான் விட்டேன். நீ எனக்கு ஒரு முழம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

சீஃப் பைலட் உன் பக்கம் திரும்பவில்லை. கிளப் ரிஜிஸ்டரில் யார் கையெழுத்து என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் என்று டெலிபோனைத் தன் பக்கம் இழுத்தார். பொய் எழுதியவன் என்று தெரிந்தால் என் லைசென்ஸே போய்விடும். அவர் எண்ணைச் சுழற்ற ஆரம்பித்தார்.

"வேண்டாம் சார்" என்றாய். "தேதியை நான்தான் தப்பா எழுதிட்டேன்."

அவர் போனை வைத்தார். உன் புத்தகத்தை மூடி, தரையைத் தொடுகிற உயரத்தில் பறக்கப் போகிறவன் தேதியைக்கூட ஒழுங்காக எழுத மாட்டானா என்று கேட்டு, உன்னிடம் நீட்டினார். அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வெளியே போனாய். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அரை மணி நேரம் கழித்து அந்த வேலை எனக்குக் கிடைத்தது.

நீ ஸ்டேஷனில் காத்திருந்தாய். ரயில் பல்லாவரம் தாண்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை, ஏன்டா அப்படிச் சொன்னே என்றேன்.

"எனக்கு வேற இன்டர்வியூ வரும். உனக்கு லைசென்ஸே இருக்காதேடா" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா ஏரிக் கதையை என்னைவிட நல்லாச் சொன்னே" என்றாய். சிரிக்கவில்லை.

வேறு இன்டர்வியூ வரவில்லை. இந்தத் தொழிலில் சீஃப் பைலட்டுகள் பத்துப் பேர். பத்துப் பேரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள். தப்பான தேதி என்பது வாய்க்கு வாய் மாறி, லாக் புக்கில் பொய் எழுதியவன் என்று உன் பெயர் எல்லா மேஜைக்கும் உனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. எழுபத்திரண்டில் நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாய். நான் மருந்து தெளித்து, அங்கிருந்து பெரிய விமானங்களுக்குப் போய், கேப்டனுக்குரிய நாலு கோடு போட்ட தோள்பட்டையோடு உன் கல்யாணத்துக்கு வந்தேன். எல்லோரும் என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நீதான் அவர்களை வரிசையில் நிறுத்தினாய்.

இன்னும் கேவலமான ஒன்று இருக்கிறது. ரிடையர்மென்ட் விழாவில் இளம் பைலட்டுகள் ஒரு அனுபவம் சொல்லுங்கள் சார் என்றார்கள். எனக்குச் சொந்தமாக எத்தனையோ இருக்க, மதுராந்தகம் ஏரியைச் சொன்னேன். சொல்லும்போது அந்தத் தண்ணீர் என் கண்ணில் தெரிந்தது. நான் பார்த்ததாகவே ஞாபகம் இருக்கிறது, பாவி.

ஒவ்வொரு லாக் புக் முடியும்போதும் பழைய கூட்டுத்தொகையைப் புதிய புத்தகத்தின் தலையில் எழுதிக்கொள்வது எங்கள் வழக்கம். அப்படி நாற்பது வருஷம் உன் நாலேகால் மணி நேரத்தைப் புத்தகம் புத்தகமாகத் தூக்கி வந்திருக்கிறேன். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

நேற்று உன் மனைவி, உன் மகள், உன்னிடம் கணக்குப் படித்த அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டியது யார் என்று இப்போது யாரும் கேட்கப்போவதில்லை. கேட்காமலே சொல்லியிருக்க வேண்டும்.

இவன்தான் சார். நான் இல்லை.