இழுவலை

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து எனக்குக் காட்டுச் சீட்டுக்கட்டு, எதிரில் தம்பிக்குக் கடல் சீட்டுக்கட்டு. நான் ஜெயித்தேன், அவன் ஜெயித்தான், மறுபடி நான். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் எந்தச் சீட்டு வேலை செய்தது, எது கையிலேயே சும்மா கிடந்தது என்று பேசவேண்டும். இன்று இருவருக்கும் பேசத் தெம்பில்லை. சீட்டைக் கலைத்துக் கலைத்து விரல் நுனியெல்லாம் வறண்டுவிட்டது.

போனில் நாத்தனார்: "நாள் பூரா சீட்டாடுறதுக்கு ஒரு ஆபீஸா?" ஆமாம் என்றேன். ஒரு விளையாட்டு கடைக்கு வருவதற்கு முன் யாராவது அதை ஆடிக் கெடுத்துப் பார்க்கவேண்டும். தம்பி சீட்டுகளை உருவாக்குகிறான், நான் கெடுத்துப் பார்க்கிறேன். இதை அவருக்கு எப்படிச் சொல்வது?

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பதிப்பகத்தார் பெட்டியை அச்சுக்கு அனுப்புகிறார்கள்.

ஜூன் 5, வியாழன்

தலைவலி. ஆடினோம். யார் ஜெயித்தாலும் மற்றவர் முகத்தில் ஒரு நிம்மதி – முடிந்ததே என்று.

ஜூன் 6, வெள்ளி

இன்று ஒன்று உறுத்தியது. எங்கள் விளையாட்டில் ஒரு சீட்டை மேசையில் இறக்க, கையிலிருக்கும் இன்னொன்றைக் கழிக்கவேண்டும். தம்பி இழுவலையைக் கழித்தான். அடுத்த ஆட்டத்திலும் அதையே. மூன்றாவதிலும்.

இழுவலை நான் யோசித்த சீட்டு. பஸ்ஸில் நின்றுகொண்டே தோன்றியது. அது மேசையில் இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் நம் சீட்டு ஒன்றைத் திரும்பக் கைக்கு இழுத்துக்கொள்ளலாம். இந்தப் பெட்டியில் என்னுடையது என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது. அதைப் போய் ஏன் தூக்கி எறிகிறான்? அவ்வளவு மட்டமான சீட்டா?

கேட்கவில்லை. கேட்டால் பேசவேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

இரண்டு கட்டுகளையும் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். மதியம் இவரைப் பிடித்து உட்காரவைத்து, காட்டுக் கட்டைக் கையில் கொடுத்தேன். "எனக்கு ரம்மியே ஒழுங்கா வராது" என்றார். பரவாயில்லை, சும்மா ஆடுங்க என்றேன்.

என் கடல் கட்டிலிருந்து அலைமகள் சீட்டை இறக்கினேன். அவள் வந்தால் எதிராளியின் சீட்டு ஒன்று அவர் கைக்கே திரும்பிவிடும். பிறகு இழுவலையால் அவளை இழுத்துக்கொண்டேன். அடுத்த சுற்றில் மறுபடி அலைமகள். மறுபடி இழுவலை. இவர் எதை வைத்தாலும் அது அவர் கைக்கே போனது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஒரு சீட்டுகூட வைக்க விடமாட்டேங்கற. அப்புறம் நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?"

எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

விளையாட்டே செத்துப்போகிறது. எதிராளிக்கு ஒரு வழியும் கிடையாது. தம்பிக்கு இது தெரியும். தெரிந்துதான் வலையைக் கழித்திருக்கிறான், நான் பார்த்துவிடக்கூடாதென்று. அலைமகள் அவனுடைய முதல் சீட்டு. பெட்டியின் மேல் அட்டையில் அவள் படம்தான். அதற்காக என்னிடமே நடிப்பா?

ஜூன் 9, திங்கள்

நுழைந்ததும் கேட்டேன்.

"வேணும்னேதான் வலையைக் கழிச்சியா?"

சீட்டைக் கலைத்துக்கொண்டே இருந்தான்.

"உன் அலைமகளைக் காப்பாத்த என்னையே ஏமாத்துவியா? வாங்குறவங்க ஒரு வாரத்துல கண்டுபிடிச்சிடுவாங்கடா."

"கண்டுபிடிக்கட்டும்க்கா. அதுக்குள்ள நான் ரெண்டு நாள் தூங்கிக்கறேன்."

அதைச் சொன்னபோது அவன் கண்ணைப் பார்த்தேன். ரொம்ப நாளாக நான் பார்த்தது அவன் கையைத்தான். கண்ணுக்குக் கீழே எவ்வளவு கருப்பு! எப்போதிலிருந்து? ஆனாலும் கத்தினேன். என்னென்னவோ கத்தினேன். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான், திரும்பி வரவில்லை. நாள் முழுக்க ஒற்றை ஆளாக இரண்டு பக்கமும் நானே ஆடினேன்.

ஜூன் 10, செவ்வாய்

எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். சவரம் செய்திருந்தான்.

"பதிப்பகத்துல பேசிட்டேன். மேல் அட்டையை மாத்த முடியாதாம். அலைமகள் இருந்துதான் ஆகணும்."

"அப்போ?"

கடல் கட்டிலிருந்து ஒரு இழுவலையை உருவி என் முன்னால் வைத்தான்.

"வலையை எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்க்கா. எனக்கு மார்ச்சுலயே தெரியும்."

"தெரிஞ்சா எடுத்திருக்க வேண்டியதுதானே?"

"அது நீ போட்ட ஒரே சீட்டு. எப்படிக்கா எடுக்கச் சொல்வேன்?"

முந்தாநாளிலிருந்து அலைமகளை என்ன செய்வது என்றே யோசித்துக்கொண்டிருக்கிறேன். வலையை எடுக்கலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே – ஏன்? கெடுத்துப் பார்ப்பதுதானே என் உத்தியோகம்? என் சீட்டு என்றதும் கண் அவிந்துபோகுமா?

கட்டைப் பிரித்து வலைகளை நானே எடுத்துப் போட்டேன். அவற்றின் இடத்தில் ஒரு சாதாரணச் சுறா. "சாப்பிட்டியாடா?" என்றேன். இல்லை என்றான். சாப்பிட்டுவிட்டு வந்து முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

ஜூன் 12, வியாழன்

ஆடினோம். கடலும் தோற்கிறது, காடும் தோற்கிறது. போதும்.

ஜூன் 13, வெள்ளி

அச்சுக்குப் போய்விட்டது. தம்பி மேசைமேலேயே தலைவைத்துத் தூங்கிவிட்டான். ஜன்னலைச் சாத்திவிட்டு, சத்தம் போடாமல் வந்துவிட்டேன். சந்தோஷமாக இருக்கவேண்டும், அசதியாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் அழுகையும்.

செப்டம்பர் 20, சனி

வீட்டுக்குப் பல்பு வாங்கப் போனேன். பக்கத்துப் பொம்மைக்கடையில் ஒரு மூலையில் மேசை போட்டு, இரண்டு பெண்கள் எங்கள் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார்கள். யாரென்றே தெரியாதவர்கள். ஒருத்தி வேலைவிட்டு நேராக வந்தவள் போல, கழுத்தில் அடையாள அட்டை. சுறாவை இறக்கிவிட்டு, "இப்போ என்னடி பண்ணுவே?" என்றாள். மற்றவள் நகத்தைக் கடித்தாள், ஒரு சீட்டைத் தொட்டாள், விட்டாள், வேறொன்றைத் தொட்டாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். எதற்குச் சிரித்தாள்? அந்தச் சீட்டுகளை வைத்துக்கொண்டு நாங்கள் ஒருநாளாவது சிரித்தோமா?

கடைக்காரர் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டபோதுதான் நகர்ந்தேன். பல்பு வாங்க மறந்துவிட்டேன்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "கடைசியில யார் ஜெயிச்சா?" என்றார்.

கவனிக்கவில்லை.